ஒன்றரை அடி உயரம்

எங்கள் வீட்டு முற்றத்திலே, வேப்பமரத்தின் கீழ், பனைமரத்தாலான மேடையொன்று நிற்கின்றது. நீளம் ஏழடி, அகலம் இரண்டடி. அதன் பின்முனையிலே சாய்வுப் பலகையொன்று கொழுவப்பட்டிருக்கும். வீட்டுக்கு வருபவர்களுட் சிலர் அதனை ஆடு கட்டும் பரண் என எண்ணுவர். வேறு சிலர் ஏதோவொரு திருமணத்துக்குக் கட்டிய மணவறையின் மிச்சமென எண்ணுவர். மோட்டார் சைக்கிளை ஏற்றிவைத்துத் திருத்துவதற்கான மேடை அதுவென நான் விளக்கினால், "இதற்கு இவ்வளவு பாடா?" என்னும் பார்வையே விடையாகக் கிடைக்கும். அந்தப் பாடு பற்றியதே இக்கட்டுரை.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே இத்தகையதொரு விடயம் இடம்பெறலாமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. இலக்கியத்தையும் வரலாற்றையும் ஆராய்ந்தோர் எழுதிய பக்கங்களிலே திருகாணியையும் ஆப்பையும் கொண்டுவந்து வைப்பது எவ்வளவு பொருந்துமோ தெரியாது. இதழாசிரியரான மாணவரிடம் இதனைச் சொன்னபோது, "நீங்கள் செய்ததை எழுதுங்கோ சேர்; செய்யாததை எழுதத்தான் பலபேர் இருக்கினம்" என்றார். அவர் யாரைக் கருதினார் என்பதை நான் விசாரிக்கவில்லை.

என்னிடமுள்ள மோட்டார் சைக்கிள் என் தந்தையாருடையது. 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதன் பயனாக எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்த ஹொண்டா சீ. 90களுள் அதுவும் ஒன்று. ஜப்பானிய நிறுவனம் 1958இல் அறிமுகஞ் செய்த சுப்பர் கப் என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்வகையிலே 2017ஆம் ஆண்டளவிற் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன என்பர். உலகில் அதிக எண்ணிக்கையிற் செய்யப்பட்ட மோட்டார் வாகனம் இதுவே. ஆயினும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது ஒன்றே ஒன்றுதான். அதன் பின்னாசனத்திலிருந்துதான் நான் பள்ளிக்கூடம் சென்றேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அரிசி மூடையையும் அதன்மேற் பாட்டியாரின் துணிப் பொட்டலத்தையும் கட்டி, தந்தையார் அதனை உருட்டிக்கொண்டே வந்தார். வீதியிலே ஓட்டுவதற்கு இடமிருக்கவில்லை. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளாயின. வண்டியை விற்கும்படி சொன்னவர் பலர், நான் விற்கவில்லை.

இந்த வண்டியின் சிலிண்டர் மற்றையவை போல நிமிர்ந்து நிற்பதில்லை. முன்சில்லை நோக்கி ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருக்கும். பாரம் தாழ்வாக அமைவதற்கும், பாவாடையோ சேலையோ வேட்டியோ உடுத்தவரும் இடையே கால் வைத்து எளிதில் ஏறுவதற்கும் இவ்வமைப்பு வாய்ப்பானது. ஏறுபவருக்கு வாய்ப்பானது திருத்துபவருக்கு வாய்ப்பாக இருத்தல் வேண்டுமென்ற நியதி இல்லை. வால்வுக்கும் அதனை அழுத்தும் நெம்புக்குமிடையே 0.05 மில்லிமீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும். மெல்லிய கடதாசி ஒன்றின் தடிப்பு. அந்த இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டுமாயின் கண் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். குந்தியிருந்தோ, முழந்தாளிட்டோ, பக்கவாட்டிற் படுத்தோ செய்யலாம். நாற்பதைக் கடந்தவனுக்கு இம்மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், எழும்போது தெரியும்.

நெடுங்காலம் இந்தக் கவலை எனக்கு இருக்கவில்லை. எங்கள் ஊர்ச் சந்தியிலே கராச் வைத்திருந்த அண்ணை ஒருவர், தந்தையார் காலந்தொட்டு இந்த வண்டியைப் பார்த்து வந்தார். அவரை ஊரிற் சிறியோர் முதற் பெரியோர் வரை அண்ணை என்றே அழைப்பர்; நானும் அவ்வாறே. 1990களின் முற்பகுதியிலே, பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதிருந்த நாட்களில், குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்த வாசகர்கள் மறந்திரார். சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெண்புகை கக்கிக்கொண்டு வண்டி நகரும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல முற்றாக எரிவதில்லை. எரியாத எச்சம் கரியாகிச் சிலிண்டரின் தலைப்பகுதியிலும் வால்வுகளிலும் படியும். ஆதலால் ஆண்டுக்கொருமுறை திறக்க வேண்டிய இயந்திரத்தைச் சில வாரங்களுக்கொருமுறை திறந்து சுரண்ட வேண்டியிருந்தது. அண்ணையின் கராச்சிலே அக்காலத்தில் ஒரு வரிசை வண்டிகள் எப்பொழுதும் காத்து நிற்கும். அவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குந்தியபடியே நகர்ந்து செல்வார். எழுந்து நின்று நடப்பதிலும் அது விரைவானதென்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கின்றேன். அப்பொழுது எனக்குப் பதினைந்து வயது. அவ்வாறு நகர்வதை ஒரு திறமை என்றே எண்ணினேன்.

2021ஆம் ஆண்டிலே அவர் கராச்சை மூடினார். முழங்கால்கள் இரண்டும் மடங்க மறுத்துவிட்டன. கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நிலத்துக்கு இறங்க முடியாதவருக்கு எங்கள் நாட்டுக் கராச்சிலே இடமில்லை. புதிய கராச் இளைஞர்களோ பழைய வண்டியைக் கண்டதும், "இதுக்குச் சாமான் எடுக்கேலாது" என்று கூறி அனுப்பிவிடுவர். புதியதொன்றை வாங்கவும் வழியிருக்கவில்லை. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்தத் தடை நீங்க 2025ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. இடையில் 2022இல் ரூபா வீழ்ந்தது. பழைய வண்டிகளின் விலையே புதியவற்றின் விலையை எட்டியது. ஆகவே, என் வண்டியை நானே பார்த்துக்கொள்வதென முடிவு செய்தேன். அண்ணை தம் வீட்டு விறாந்தையிலே கதிரையிலிருந்தபடி வாயாற் சொல்ல, அதனைக் கடதாசியில் எழுதிவந்து நான் முற்றத்திற் செய்வதென்பது ஏற்பாடு. விரிவுரை எடுப்பவன் குறிப்பெடுப்பவன் ஆனேன்.

தொடக்கத்திலே நான் செய்த மூடத்தனத்தையும் இங்கே எழுதியாதல் வேண்டும். முதுகு வலித்தது, வண்டியைச் சற்று உயர்த்தினால் நல்லதெனத் தோன்றியது. மதில் கட்டி மிஞ்சிய, நடுவே பொள்ளலான சீமெந்துக் கற்களை இருபக்கமும் அடுக்கி, அவற்றின்மேற் பலகை வைத்து, அயலவர் ஒருவரின் உதவியுடன் வண்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். 2022ஆம் ஆண்டின் முற்பகுதி. நாளொன்றிற் பல மணிநேரம் மின்வெட்டு நிலவிய காலம். தமக்கையின் மகன், அப்பொழுது பத்து வயதினன், ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். இறுகிப்போன நட் ஒன்றைக் கழற்றுவதற்காக ஸ்பனரை முழுப் பலத்துடன் இழுத்தேன். நட் அசையவில்லை, கல் வெடித்தது. எச்சரிக்கை எதுவுமின்றி, ஓடு உடைவது போன்ற சிறு ஒலியுடன் அது நொருங்கியது. வண்டி சரிந்து விழுந்தபோது அதன் கால்மிதி, பையனின் வலப்பாதத்துக்கு ஒரு சாண் அப்பால் மண்ணிலே குத்தி இறங்கியது. அவன் லைற்றை விடவில்லை. அந்த வெளிச்சத்திலே மண்ணிலிருந்த குழியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொள்ளலான சீமெந்துக் கல், சுவரிலே பரவலாக வரும் பாரத்தைத் தாங்குமேயன்றி, ஓரிடத்திற் குவியும் பாரத்தையும் பக்கவாட்டு இழுப்பையும் தாங்குவதற்கு ஆனதன்று. வளைந்து காட்டும் இயல்பும் அதற்கில்லை. நிற்கும், அல்லது நொருங்கும். இதனைப் பின்னரே அறிந்தேன். அடுத்த நாள் அண்ணையிடம் சென்று நடந்ததைச் சொன்னபோது அவர் ஏசுவாரென எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"உயர்த்திறது பெரிய வேலையில்லைத் தம்பி. உயர்த்தினதை நிப்பாட்டி வைக்கிறதுதான் வேலை" என்றார். சற்றுப் பொறுத்து, "பொடியனை இனிக் கிட்ட வையாதை" என்றும் சொன்னார்.

அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, செலவு குறைந்ததும் பாதுகாப்பானதுமான உயர்த்தி ஒன்றைத் தேடுவதிற் கழிந்தது. அண்ணை சொன்ன வசனத்தின் முதற்பாதியையே நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது இப்பொழுது தெரிகின்றது.

முதலில் மாமரம். தடித்த கிளையொன்றிலே கப்பி கட்டி, கிணற்றுக் கயிற்றிலும் தடித்த வடத்தால் வண்டியைத் தொங்கவிடலாம் என அயலவர் சொன்னார். தொங்கவிட்டும் பார்த்தோம், இலகுவாக எழுந்தது. ஆனால் ஸ்பனரை இழுத்தால் நட்டுடன் வண்டியும் கூடவே திரும்பியது. கழற்றுவதென்பது ஒன்றை நிலையாகப் பிடித்து மற்றொன்றைத் திருப்புவதாகும். ஊஞ்சலாடும் பொருளில் எதனைக் கழற்றுவது? அடுத்தது கிடங்கு. வண்டியை உயர்த்துவதற்குப் பதிலாக ஆளைத் தாழ்த்துவது. பேருந்துத் திருத்தகங்களிலே அவ்வாறான கிடங்குகள் உண்டு. எங்கள் வளவிலோ மூன்றடி தோண்டுமுன் சுண்ணாம்புக் கல் எதிர்ப்பட்டது. மாரி தொடங்கியதும் தோண்டிய அளவும் தவளைகளுக்காயிற்று.

விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்புக்குச் சென்றபோது, மருதானைக்கு அண்மையிலுள்ள பஞ்சிகாவத்தையில் இரண்டு மாலைகளைக் கழித்தேன். வாகன உதிரிப்பாகங்களுக்கு அந்தத் தெருக்கள் பெயர்பெற்றவை. ஒரு கடையின் முகப்பிலே சிறிய உயர்த்தி ஒன்று இருந்தது. கத்தரிக்கோலின் அலகுகள்போல ஒன்றையொன்று குறுக்கிடும் இரும்புக் கைகள். அவற்றை ஊடறுத்துச் செல்லும் திருகாணி. அதனைச் சுற்றச் சுற்ற மேற்தட்டு எழும். விலையும் தாங்கக்கூடியதாக இருந்தது. வாங்குவதற்குப் பணத்தை எடுத்துவிட்டேன். அவ்வேளையிலேதான் என் வண்டியின் அடிப்பக்கம் நினைவுக்கு வந்தது. இத்தகைய உயர்த்திகள், இயந்திரத்தைக் கீழிருந்து ஏந்திச் செல்லும் சட்டக் குழாய்களையுடைய பெரிய வண்டிகளுக்கென அமைந்தவை. சீ. 90இலே அத்தகைய குழாய்கள் இல்லை. தகட்டினாற் செய்த முதுகெலும்பு ஒன்று மேலே செல்ல, இயந்திரம் அதிலிருந்து கீழே தொங்கும். கால்மிதிச் சட்டமும் இயந்திரத்தின் அடியிலேயே பூட்டப்பட்டிருக்கும். அந்த உயர்த்தியை வைத்தால் வண்டி முழுவதையும் அலுமினியக் கூட்டினாலேதான் தாங்க வேண்டும். திருத்தப் புறப்பட்டு உடைத்ததாக முடியும். கடைக்காரர் சிங்களவர், வயதானவர். நான் அரைகுறைச் சிங்களத்தில் இதனை விளக்கியதும் சிரித்துவிட்டு, உயர்த்தியைத் தாமே எடுத்து உள்ளே வைத்தார். வாங்காத வாடிக்கையாளனுக்கு அவர் தந்த தேநீரை நன்றியுடன் குறிப்பிட விரும்புகின்றேன்.

கத்தரிக்கோல் அமைப்பைப்பற்றி இன்னுமொன்று சொல்லலாம். கைகள் தாழ்ந்து கிடையாக இருக்கும்போதே அதனை எழுப்புவது மிகக் கடினம். திருகாணி கிடையாக இழுக்க, பாரமோ நிலைக்குத்தாக அழுத்துகின்றது. கோணம் சிறிதாக இருக்கும்வரை இழுப்பின் பெரும்பகுதி வீணாகின்றது. சற்றெழுந்துவிட்டால் இலகு. வெல்டிங் கடையிற் கொடுத்து இவ்வமைப்பைச் செய்விக்கலாமென எண்ணிப் படம் வரைந்து கணக்கிட்டபோதே இதனைக் கண்டேன். என் வரைபடத்தின்படி முதற் சுற்றுக்கே வண்டியின் பாரத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு இழுவிசை தேவைப்பட்டது. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

கராச்சுகளிற் காணப்படும் பெரிய மேசை உயர்த்தி, எண்ணெயழுத்தத்தால் இயங்குவது, புதிதாக வாங்குவதானால் என் மாதச் சம்பளத்திலும் மேலானது. பழையதொன்று விற்பனைக்கிருப்பதாக அறிந்து யாழ்ப்பாண நகரத்துக்கு அப்பால் ஓரிடத்துக்குப் போனேன். சிறிய உருளையிலே கையால் அழுத்தும் விசை, எண்ணெயினூடாகப் பெரிய உருளைக்குச் சென்று, பரப்பு எத்தனை மடங்கோ அத்தனை மடங்காகப் பெருகும். பாஸ்காலின் விதியைப் பள்ளிக்கூடத்தில் மனனஞ் செய்த எல்லோருக்கும் தெரிந்தது. அதனைக் கண்ணெதிரே காணும்போது மகிழ்ச்சி உண்டாகத்தான் செய்கின்றது. விற்பவர் ஒரு வண்டியை ஏற்றி மிதியை நாலுமுறை மிதித்தார். மேசை அமைதியாக எழுந்தது. விலையும் இணங்கக்கூடியதே. உள்ளே சென்று தேநீர் அருந்தித் திரும்பினோம். மேசை நாலு விரல் இறங்கியிருந்தது. எண்ணெயைத் தடுக்கும் றபர் வளையம் தேய்ந்திருந்தது. அவ்வாறு தேயுமென்பது தெரிந்தே, எழுந்த மேசையைத் தாங்குவதற்கு ஓர் இரும்பு முளை செருகும்படி அமைத்திருப்பர். அந்த முளை தொலைந்து, அதற்குப் பதிலாக வளைந்த கொங்கிறீற் கம்பித்துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. மண்ணிலே நான் பார்த்து நின்ற குழி நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டு வந்துவிட்டேன். மலிவாக விற்கப்படும் கருவியிலே முதலிற் குறைக்கப்படுவது, உயர்த்தும் பகுதியன்று; தாங்கும் பகுதியே. உயராவிட்டால் வாங்குபவர் கடையிலேயே கண்டுகொள்வார். தாங்காவிட்டாற் பின்னர்தானே தெரியும்.

அந்த ஆண்டு ஊர்க்கோயிலின் தேர்த்திருவிழாவன்று தேர்முட்டியின் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். சுவாமி வீதியிலிருந்து படியேறி முட்டிக்கு வந்து, அங்கிருந்து நேராகத் தேரின் பீடத்துக்குச் சென்றார். பல ஆண்டுகளாக நான் பார்த்துவரும் காட்சிதான். தேர் தாழவில்லை, முட்டி உயரவில்லை, உயரம் அங்கே எப்பொழுதும் இருக்கின்றது, ஏறுவதற்குப் படி இருக்கின்றது, அவ்வளவே. கோயிலில் நிற்பவன் நினைக்க வேண்டியது இதுவன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் ஓராண்டாக நான் தேடியலைந்த பொருளின் பிழை அப்பொழுதுதான் எனக்குத் தெளிவாயிற்று. கராச்சிலே பலவகை வண்டிகள் வரும். வேலை முடிந்ததும் இடம் வெறுமையாக வேண்டும். ஆதலால் அங்கே ஏறி இறங்கும் மேசை வேண்டும். என்னிடமோ ஒரே வண்டி, முற்றமோ பரந்தது. எனக்கு உயரும் பொருள் தேவையில்லை. உயர்ந்தே நிற்கும் பொருளே தேவை. அசையும் பாகம் ஒன்றுமில்லாதவிடத்துத் தேய்வதற்கும் கசிவதற்கும் ஒன்றுமில்லை.

மரம் வீட்டிலேயே இருந்தது. பின்வளவிலே தந்தையார் கட்டிய மாட்டுக்கொட்டில் கூரை சரிந்து கிடந்தது. அதன் தீராந்திகள் முதிர்ந்த பனையில் அறுத்தவை. நாற்பது மாரிகளுக்குப் பின்னரும் கறையான் அவற்றை அணுகவில்லை. ஊர் ஓடாவியார் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப இப்பிடி மரம் காசு குடுத்தாலும் எடுக்கேலாது" என்றார். மோட்டார் சைக்கிளுக்கு மேடையென்று சொன்னபோது ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலைப்போலத்தானே என்று தமக்குள் சொல்லிக்கொண்டு அளவெடுக்கத் தொடங்கினார்.

ஏற்றுவது எவ்வாறென்பதே எஞ்சிய வினா. வெங்காய வியாபாரி ஒருவரின் தராசிலே முன்சில்லையும் பின்சில்லையும் தனித்தனியாக வைத்து நிறுத்தேன். முன்னே 36 கிலோ, பின்னே 52; ஆக 88 கிலோ. வியாபாரி விலை கேட்கவில்லை. அதுவே பெரிய காரியம். மேடையின் உயரம் ஒன்றரையடி. சாய்வுப் பலகை ஆறடி. நாலுக்கு ஒன்றான சாய்விலே, உராய்வை நீக்கிப் பார்த்தால், பாரத்தின் நாலிலொரு பங்கு விசையே தேவை: 22 கிலோ. கிணற்றிலிருந்து ஒரு பெரிய வாளித் தண்ணீரை இழுப்பதற்கு ஒப்பானது. இயந்திரத்தை இயக்கி ஏறியமர்ந்து ஓட்டிச் செல்லலாமே என நான் கேட்டதற்கு, அண்ணை கதிரையிலிருந்தபடியே கையை வீசி மறுத்தார். "மேலை போய் எங்கை நிப்பாட்டுவாய்?"

கணக்கிற்கு வராத சங்கடம் ஒன்று செய்து பார்த்தபோதுதான் தோன்றியது. வண்டி பலகையில் ஏறும். அதனைப் பிடித்துச் செல்பவன் எங்கே நடப்பான்? நிலத்தில் நடந்தாற் கைபிடி எட்டாது போய்விடும். ஆகவே சாய்வுப் பலகைக்கு இடப்புறமாக, அதே சாய்வில், நடைபலகை ஒன்றையும் ஓடாவியார் பொருத்தினார். இடைவழியிற் கை தளர்ந்தால் வண்டி பின்னோக்கி உருளாதிருக்க, தேருக்குப் போடுவதுபோல முட்டுக்கட்டை ஒன்றும் செய்தோம். பக்கவாட்டில் நின்று, நீண்ட பிடியினால் அதனைப் பின்சில்லின் கீழே தள்ளிக்கொண்டு வரும் பணி என் மனைவியாருடையது. முட்டுக்கட்டை போடுவது தமக்குப் பழகிய தொழிலென அவரே சொல்லிக்கொள்வார். மேலே சென்றதும் முன்சில்லு ஒரு மரப்பள்ளத்துள் இறங்கி நிற்கும். இருபுறமும் லொறிகளிற் பாரங்கட்டும் பட்டிகளால் இழுத்துக் கட்டிவிட்டு, வண்டியை அதன் நடு ஸ்ராண்டிலே நிறுத்தலாம். ஓடாவியாரின் இரண்டு நாட் கூலி, போல்ற்றுகள், பிணைச்சல்கள், பட்டிகள் எல்லாமாக ஏறக்குறையப் பதினாறாயிரம் ரூபா முடிந்தது. முதல்நாள், வண்டி ஏறி நின்றபின், நான் ஸ்பனரை எடுக்கவில்லை. பட்டியையும் மேடையின் கால்களையும் பிடித்து அரைமணி நேரம் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கல் வெடித்த நாளில் என் கையில் இழுபட்ட அதே நட்டை, அதே பலத்துடன் பின்னர் இழுத்தேன். இம்முறை நட் அசைந்தது.

மேடையைப் பார்க்க வருமாறு அண்ணையை அழைத்தேன். "நீ செய்தாய்தானே, நான் வந்து என்ன பாக்கிறது" என்று இருமுறை தட்டிக்கழித்தார். தம் தொழிலைப் பிறர் செய்வதைப் பார்க்க வரும் மனநிலை அவருக்கு இல்லையென நான் விளங்கிக்கொண்டு, மூன்றாம்முறை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பேரனின் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அவரே வந்திறங்கினார். பொல்லை ஊன்றி மேடையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சாய்வுப் பலகையின் பிணைச்சலைப் பொல்லால் தட்டினார். பட்டியை விரலாற் சுண்டிப் பார்த்தார். ஒயில் இறக்கும் இடத்துக்கு நேர்கீழே பலகையில் ஒரு துளை வேண்டுமென்றார். பின்சில்லுக்குக் கீழுள்ள பலகைத் துண்டு கழற்றிப் பூட்டும்படியாக இருந்தாற் சில்லை நேரே கீழே இறக்கலாமென்றார். இரண்டும் எனக்குத் தோன்றாதவை. கடதாசியை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"கதிரையொண்டு கொண்டுவா" என்றார்.

களைத்துவிட்டாரென்று எண்ணி, வெயிலில்லாத இடத்திலே கதிரையை வைத்தேன். அவர் அதனைத் தாமே இழுத்து, மேடையின் முற்பக்கத்தே, சிலிண்டருக்கு நேராக வைத்து அமர்ந்தார். கால்களை முன்னே நீட்டிக்கொண்டார். சேட்டுப் பையிலிருந்து சிறிய தகரப் பெட்டியொன்றை எடுத்தார். அதனுள்ளே வால்வு இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகள் எண்ணெய்த் துணியிற் சுற்றப்பட்டிருந்தன. கராச்சை மூடியபோது எல்லாவற்றையும் விற்றதாகச் சொன்னவர் அவர்.

வால்வு மூடிகளைத் திறந்து தகட்டைச் செருகி எடுத்தார். கண்ணாற் பார்க்கவில்லை, கண் மூடியிருந்தது, விரலுக்குத் தெரிந்தது. உள்வால்வு சரியென்றும் மற்றையது இறுகிப்போயிற்றென்றும் சொன்னார். அதாவது, கடந்த ஓராண்டாக அவர் வாயாற் சொல்ல நான் எழுதிவந்து செய்ததிற் பாதிதான் சரி. அவர் அதனைச் சரிசெய்து முடிக்கப் பத்து நிமிடமும் ஆகவில்லை. பேரன் வந்து, நேரமாகிறதென இருமுறை சொல்லிவிட்டுப் போனான். அண்ணை எழுந்திருக்கவில்லை. கார்புரேற்றரையும் ஒருக்காற் பார்ப்போம் என்றார். பின்னர் சங்கிலியை. மத்தியானச் சாப்பாட்டை எங்கள் வீட்டிலேயே உண்டார்.

புறப்படும்போது மேடையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, தம் முழங்கையின் மட்டத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"இருந்து செய்யிறவனுக்கு ரெண்டங்குலம் கூடிப்போச்சுத் தம்பி."

அடுத்த ஞாயிறு காலை ஓடாவியார் வந்து, கால்கள் நாலிலும் இரண்டங்குலம் அறுத்தார், துளையையும் இட்டார். சாய்வு சற்றுக் குறைந்ததால், கணக்கின்படி, ஏற்றுவதற்கு இப்பொழுது 20 கிலோவுக்கும் சற்றுக் குறைந்த விசை போதும். மரத்தூளை நான் கூட்டிக்கொண்டிருந்தபோது படலையடியில் ஓர் இளைஞன், என் தந்தையாரின் வண்டியிலும் பழைய வண்டியொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரைத் தேடுகிறீர் என்று கேட்டேன்.

"அண்ணை பத்து மணிக்கு இங்கை வருவாராம். என்னை முதல் போய் வண்டியை ஏத்தி வைக்கச் சொன்னவர்" என்றான்.